மாம்பழப் பெட்டியில் கட்டும் மத்திய அலை ஆன்டெனா

சேர்வராயன் மலையின் மடிப்புகளில் மலை குறுக்கே நின்றால் எஃப்.எம். அங்கேயே தேங்கிவிடும். மத்திய அலையோ (ரேடியோவில் ஏ.எம். அல்லது எம்.டபிள்யூ. என்று எழுதியிருக்கும்) நிலத்தை ஒட்டியே தவழ்ந்து வரும். கீழே சேலத்தில் சிக்கல் வேறு: விசைத்தறி மோட்டாரும் மலிவான எல்.இ.டி. விளக்கும் எழுப்பும் இரைச்சலில் நிலையம் மூழ்கிவிடுகிறது. இந்த இரண்டு இடத்துக்கும் ஒரே கம்பிச்சுருள் போதும். ரேடியோவைத் திறக்க வேண்டாம், அதில் எந்தக் கம்பியையும் இணைக்க வேண்டாம்.

மோட்டார் ரீவைண்டிங் கடையில் 26 கேஜ் எனாமல் செப்புக் கம்பி 50 கிராம் வாங்குங்கள். எடை போட்டுத்தான் தருவார்கள். நமக்குத் தேவை 24 மீட்டர், அந்த எடையில் மிச்சமே இருக்கும். பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய கேங் கண்டன்சர் (நிலையம் மாற்றத் திருப்பும் குமிழுக்குப் பின்னால் இருக்கும் பாகம்) ஒன்று வேண்டும், 365 பிகோஃபேரட் கொண்டதாக இருந்தால் நல்லது. சட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் சதுர அட்டைப்பெட்டி. மாம்பழப் பருவத்தில் சேலத்தில் இதற்குப் பஞ்சமில்லை.

பெட்டியின் மேல்மூடியையும் அடியையும் வெட்டி நான்கு சுவர்களை மட்டும் விடுங்கள். சுவர் தொய்ந்தால் உள்ளே மூங்கில் குச்சியை முட்டுக்கொடுக்கலாம், இரும்பு கூடாது.

இனி சுற்று. நான்கு மூலைகளிலும் கால் சென்டிமீட்டர் இடைவெளியில் பேனாவால் குறியிட்டு, கம்பியை விறைப்பாக இழுத்து 20 சுற்று சுற்றுங்கள். ஒருவர் கம்பியை விட்டுக்கொடுக்க, மற்றவர் சுற்றினால் முறுக்கு விழாது. எனாமல் இருப்பதால் சுற்றுகள் ஒட்டினாலும் ஷார்ட் ஆகாதுதான். ஆனால் நெருங்கிய சுற்றுகள் தாமே ஒரு கண்டன்சர்போல் நடந்துகொள்ளும். அப்புறம் மத்திய அலையின் மேல்கோடியான 1500 கிலோஹெர்ட்ஸ் பக்கம் எட்டவே எட்டாது. இடைவெளியில் மட்டும் அவசரம் வேண்டாம்.

தொடங்குபவர்களின் ஆன்டெனா பெரும்பாலும் தோற்பது முனைகளைச் சுரண்டும் இடத்தில்தான். எனாமலும் செம்பு நிறமாகவே தெரியும், கண் ஏமாறும். உப்புத்தாளை மடித்து, அதற்குள் கம்பியை வைத்து உருவுங்கள். மங்கிய பழுப்பு போய், புது இளஞ்சிவப்பு மினுமினுப்பு முழுச்சுற்றிலும் தெரிய வேண்டும். மல்டிமீட்டரில் இரு முனைகளுக்கும் இடையே இரண்டு மூன்று ஓம் காட்டினால் சரி. ஒரு முனையைக் கேங்கின் நடுக்காலிலும் (உலோகக் கேங் என்றால் அதன் உலோக உடலிலும்), மறுமுனையை ஓரக்காலிலும் சால்டர் செய்யுங்கள். சிறிய பிளாஸ்டிக் கேங் என்றால் இரண்டு ஓரக்கால்களையும் சேர்த்துவிடுங்கள். குமிழ் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். விரல் உலோகத் தண்டில் பட்டால் ட்யூன் நகரும்.

ரேடியோவில் திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸை வையுங்கள். ரேடியோவுக்குள் அதன் சொந்த ஆன்டெனாவாக இருக்கும் கருநிற ஃபெரைட் குச்சி பெரும்பாலும் ரேடியோவின் நீளவாக்கில் கிடக்கும். அந்தக் குச்சி சுருளின் துளையை ஊடுருவுவதுபோல் அமையுமாறு ரேடியோவைப் பெட்டியருகே வையுங்கள். கேங்கை மெல்ல, மிக மெல்லத் திருப்புங்கள். ஓரிடத்தில் இரைச்சல் விலகி, அறிவிப்பாளரின் குரல் சட்டென்று முன்னே வரும். அந்த இடம் மயிரிழை அகலம்தான். வேகமாகத் திருப்பினால் தாண்டிவிடுவீர்கள்.

அடுத்து பெட்டியையும் ரேடியோவையும் சேர்த்துத் திருப்புங்கள். சட்டத்தின் விளிம்பு நிலையத்தை நோக்கினால்தான் வரவேற்பு உச்சம். சேலத்திலிருந்து திருச்சிக்குத் தென்கிழக்கு. இந்த ஆன்டெனாவின் உண்மையான பெருமை அதற்கு நேர்மாறான குணத்தில் இருக்கிறது: சட்டத்தின் துளை எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அந்தத் திசையிலிருந்து வருவதை அது வாங்காது. தறிச்சத்தம் வரும் பக்கம் துளையைத் திருப்பிப் பாருங்கள். நிலையம் கொஞ்சம் குறைந்தாலும் இரைச்சல் அதைவிட அதிகமாகக் குறையும். பலமாகக் கேட்பதைவிடத் தெளிவாகக் கேட்பதே முக்கியம் என்பது என் கட்சி.

தகரக் கூரைக்கு அடியிலோ கம்பிகள் நெருங்கிய காங்கிரீட் அறையின் நடுவிலோ வைத்தால் பலன் குறையும், ஜன்னலோரம் வையுங்கள். இருட்டிய பிறகு தொலைதூர நிலையங்களும் வான்வழி திரும்பி வரும், அப்போது ஒவ்வொரு நிலையத்துக்கும் கேங்கை மறுபடி சரிசெய்ய வேண்டும். 600 கிலோஹெர்ட்ஸ் பக்கம் உச்சம் அகப்படவில்லையென்றால், மிச்சக் கம்பியில் நான்கைந்து சுற்று கூட்டுங்கள். 1500 பக்கம் அகப்படவில்லையென்றால் ஒன்றிரண்டைக் கழற்றுங்கள்.