தீபாவளி பார்சலும் மாலை மழையும்: சுங்கை சிப்புட் பக்கம் புதிதாக வந்தவர்களுக்கு

ஊரிலிருந்து தீபாவளிக்குப் பார்சல் வரவேண்டும் என்றால் ஒரு மாதம் முன்பே அனுப்பச் சொல்லிவிடுங்கள். மலேசியாவில் மழை என்றாலே டிசம்பர், கிழக்குக் கரை மாநிலங்களான கிளந்தான், திரெங்கானு என்றுதான் பேசுவார்கள். சுங்கை சிப்புட் இருக்கும் நம் பேராக் மாநிலத்தின் பக்கம் வேறு கணக்கு. அக்டோபர், நவம்பரில் காலையில் வெயில் கொளுத்தும், மூன்று மணிக்கு மேல் இடியோடு கொட்டும், கூரியர் பையன் மோட்டாரில் தோட்டத்துப் பக்கம் திரும்புவதும் அந்த நேரம்தான். டவுனில் இருப்பவர்களுக்குப் பெரிய தொல்லை இல்லை. தோட்டத்துக்குள் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருப்பவர்களுக்குத்தான் சிரமம், தார் ரோடு முடிந்து செம்பனை (எண்ணெய்ப் பனை) மரங்களுக்குள் போகும் செம்மண் பாதை ஒரு மழைக்கே சேறாகிவிடும்.

நான் வந்த முதல் வருடம் அம்மா அனுப்பிய பெட்டி நனைந்து ஊறிப்போய், பேனாவில் எழுதிய முகவரி நீலமாக வழிந்து, 31100 என்ற அஞ்சல் குறியீடு மட்டும்தான் மிச்சம் இருந்தது. அதை வைத்தே டவுன் வரை வந்து கிடந்தது, நான்கு நாள் அலைந்து நானே போய் எடுத்தேன். அதிரசம் முழுக்கப் பூசணம். நன்றாக இருந்தது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அதனால் உள்ளே பொருளைப் பிளாஸ்டிக்கில் சுற்றி, முகவரி எழுதிய இன்னொரு தாளையும் பெட்டிக்குள் போடச் சொல்லுங்கள். உங்கள் உள்ளூர் கைபேசி எண் கட்டாயம் இருக்கட்டும். கொண்டு வருபவர் மலாய்க்காரராக இருக்கலாம், அதனால் தோட்டத்தின் பெயர், லய எண்ணோடு வீட்டின் அடையாளத்தையும் 'depan kuil' (டெப்பான் குயில்) என்பதுபோல் ரூமியில், அதாவது ஆங்கில எழுத்தில் மலாயில், எழுதுங்கள், கோயிலுக்கு எதிரே என்று அர்த்தம், குயில் நம் கோயில்தான். இதைவிட நல்ல வழி, டவுனில் பழகிய மளிகைக்கடை அண்ணனைக் கேட்டு அவர் கடை முகவரியைக் கொடுப்பது. பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள், ஆனால் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

கறிவேப்பிலைக் கன்று, விதை எதுவும் வேண்டாம், அனுமதி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அப்புறம், கனடாவில் அக்கா தங்கை யாராவது இருந்தால் பொங்கலுக்கு வேண்டியதை நவம்பரிலேயே அனுப்பச் சொல்லுங்கள். டிசம்பரில் அங்கே பனிப்புயல் அடித்தால் விமானமே கிளம்பாது, கிறிஸ்துமஸ் நெரிசல் வேறு.

பார்சல் தாமதமாகும்போதுதான் 'சுங்கத்தில் நிற்கிறது, இந்த லிங்க்கில் வரி கட்டுங்கள்' என்று மெசேஜ் வரும், நாமும் காத்திருக்கும் பதற்றத்தில் தட்டிவிடுவோம். தட்டாதீர்கள். வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் வாங்கும் 500 வெள்ளி (ரிங்கிட்) வரையிலான பொருளுக்கு 2024 ஜனவரியிலிருந்து 10 விழுக்காடு வரி உண்டு, ஆனால் பெரிய விற்பனைத் தளங்கள் அதை நீங்கள் வாங்கும்போதே விலையோடு சேர்த்து எடுத்துக்கொள்கின்றன. சந்தேகம் இருந்தால் கண்காணிப்பு எண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு கூரியர் கடைக்கு நேரில் போய்க் கேளுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே மோசடிப் புகாருக்கான 997 என்ற எண்ணுக்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குத் தடுக்க வாய்ப்பு இருக்கிறது.