காரணம் பிடிபடாத வலிப்பு: டாக்டரிடம் போகுமுன் நீங்கள் சேர்க்க வேண்டிய விவரங்கள்

ஈ.ஈ.ஜி. (மூளையின் மின்அலைகளைப் பதியும் சோதனை), எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இரண்டும் நார்மல் என்று வந்தால் வலிப்பு நோயே இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். வழக்கமான ஈ.ஈ.ஜி. அரைமணி நேரம்தான் பதிவாகும். அந்த நேரத்தில் மூளை அமைதியாக இருந்தால் அதில் எதுவும் தெரியாது. வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காரணம் தெரிவதேயில்லை. ஆகவே வலிப்பு வந்த சமயத்தில் நடந்த விவரம்தான் டாக்டருக்கு மிகப் பெரிய தடயம்.

கூட இருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். முதலில் மணி பார்க்க வேண்டும். தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வைத்து, இழுப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். வாயில் எதையும் வைக்கக் கூடாது, கை கால்களை அழுத்திப் பிடிக்கக் கூடாது. 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலோ உடனே ஆம்புலன்ஸ்.

பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் மொபைலில் வீடியோ எடுக்கட்டும், முழு உடம்பும் தெரியும்படி. கண் திறந்திருந்ததா, தலை எந்தப் பக்கம் திரும்பியது, எந்தக் கை முதலில் இழுத்தது, தெளிய எவ்வளவு நேரமானது என்பதெல்லாம் டாக்டருக்கு வேண்டும். கண்ணை இறுக மூடியபடி, விட்டுவிட்டு நெடுநேரம் உதறினால் அது மூளையின் மின்கோளாறால் வராத வலிப்பாக இருக்கலாம். அது நடிப்பல்ல, நிஜமான நோய்தான். ஆனால் அதற்கு வலிப்பு மாத்திரை உதவாது, உளவியல் சிகிச்சை உதவும். ஓடும்போதோ விளையாடும்போதோ சட்டென்று சுருண்டு விழுந்தால் இதயத் துடிப்புக் கோளாறாகவும் இருக்கலாம். ஈ.சி.ஜி. எடுக்கவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

நோட்டில் தேதி, நேரம், முந்தைய இரவு எத்தனை மணி நேரத் தூக்கம், விட்டுப்போன மாத்திரை, காய்ச்சல், மது, மாதவிடாய் நாள் ஆகியவற்றைக் குறியுங்கள். பலர் சொல்லாமல் விடுவது சின்னச் சின்ன அறிகுறிகளைத்தான்: காலையில் எழுந்ததும் கை வெடுக்கென்று உதறிக் கையிலிருப்பது விழுவது, சில விநாடி வெறித்துப் பார்ப்பது, வயிற்றிலிருந்து ஏதோ மேலே எழும்புவது போன்ற உணர்வு. காலை நேரத்து உதறலை மறைக்காமல் சொல்லுங்கள். இளவயதில் வரும் ஒருவகை வலிப்பின் அடையாளம் அது. கார்பமசெபின் போன்ற சில வலிப்பு மாத்திரைகள் அதைக் கூட்டிவிடும்.

மாத்திரை தொடங்கியபின் மறுபடி வலிப்பு வந்தால், முதலில் பார்க்க வேண்டியது விட்டுப்போன வேளையும் கெட்டுப்போன தூக்கமும். போனில் இரண்டு வேளைக்கும் அலாரம் வையுங்கள். நன்றாக இருக்கிறதே என்று நீங்களாகவே மாத்திரையை நிறுத்தினால் விடாமல் தொடரும் ஆபத்தான வலிப்பு வரக்கூடும். வேறு நோய்க்கு மருந்து எழுதும்போதும் வலிப்பு உண்டென்று சொல்லுங்கள். டிரமடால் (வலி மாத்திரை), சிப்ரோஃபிளாக்சசின் (ஆன்டிபயாடிக்) போன்றவை வலிப்பைத் தூண்டலாம். பெண்களுக்கு இன்னொரு விஷயம்: வலிப்பு மாத்திரைகளில் வால்புரோயேட் கருவைப் பாதிக்கும், ஃபெனிடாயின், கார்பமசெபின் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும். கல்யாணப் பேச்சு வரும்வரை காத்திராமல் இப்போதே டாக்டரிடம் பேசுங்கள்.

குளியலறைக் கதவைத் தாழிடாதீர்கள். தொட்டியில் வேண்டாம், ஷவரிலோ வாளித் தண்ணீரிலோ உட்கார்ந்து குளிப்பது நல்லது. தனியாக நீந்துவதும் ஏணி ஏறுவதும் கூடாது. வண்டி ஓட்டுவதை டாக்டர் அனுமதிக்கும்வரை தள்ளிவையுங்கள்.