மாநிலப் பல்கலைக்கழகத்தில் எந்த முடிவை யார் எடுக்கிறார்கள்? சட்டத்தைப் படித்துக் கண்டுபிடிக்கும் வழி

தேர்வுக் கட்டணம் திடீரென்று ஏறும், பாடத்திட்டம் நடுவில் மாறும், ஒரு கல்லூரியின் இணைப்பு ரத்தாகும். உடனே துணைவேந்தருக்கு மனு எழுதுவோம், அது நடக்கவில்லை என்றால் அமைச்சருக்கு எழுதுவோம். இப்படி எழுதும் மனுக்களில் நிறைய, அந்த விஷயத்தில் முடிவெடுக்க அதிகாரமே இல்லாத ஒருவர் மேசைக்குப் போய் அங்கேயே தங்கிவிடுகின்றன. மாநிலப் பல்கலைக்கழகம் என்பது சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால் பிறந்த அமைப்பு. அதற்குள் இருக்கும் யாருக்கும், வேந்தர் உட்பட, சட்டம் கொடுத்த அதிகாரம் மட்டும்தான் உண்டு. அந்தச் சட்டத்தைப் படிக்க வக்கீலாக இருக்க வேண்டியதில்லை, ஒரு மாலை நேரம் ஒதுக்கினால் போதும். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களை வைத்தே சொல்கிறேன்.

முதல் வேலை, உங்கள் பல்கலைக்கழகத்துக்கு உரிய சட்டத்தை எடுப்பது. தமிழ்நாட்டில் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவாக ஒரே சட்டம் கிடையாது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியது என்றாலும் இன்று அதை நடத்துவது 1923ஆம் ஆண்டுச் சட்டம். மதுரை காமராசருக்கு 1965, அண்ணா பல்கலைக்கழகத்துக்கு 1978, பாரதியாருக்கும் பாரதிதாசனுக்கும் 1981. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் என்றால் 1928ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு படிக்காதீர்கள், 2013இல் அரசு நிர்வாகத்தை எடுத்துக்கொண்டபோது புதுச் சட்டம் வந்துவிட்டது. இந்தியா கோட் என்ற அரசு இணையதளத்தில் சட்டங்கள் இலவசமாகக் கிடைக்கும். பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்தில் இருக்கும் பிடிஎப் பழசாக இருக்கலாம், அதனால் பின்னால் வந்த திருத்தச் சட்டங்களைத் தமிழ்நாடு அரசிதழில் தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திருத்தங்களைப் பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்குத் துணைவேந்தர் நியமனமே போதும். அந்த அதிகாரத்தை வேந்தரான ஆளுநரிடமிருந்து மாநில அரசுக்கு மாற்றும் மசோதாக்கள் ஆளுநரின் ஒப்புதல் கிடைக்காமல் நிலுவையில் கிடந்தன. 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருத வேண்டும் என்று தீர்ப்பளிக்க, அவை அரசிதழிலும் வெளியாகின. மே 21 அன்று நியமனம் தொடர்பான திருத்தங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அதே ஆண்டு நவம்பரில், குடியரசுத் தலைவர் எழுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொன்ன உச்ச நீதிமன்றத்தின் அரசியல்சாசன அமர்வு, அப்படிக் ‘கருதப்படும் ஒப்புதல்’ என்பதையே ஏற்கவில்லை. ஆகவே இந்தப் பிரிவுகளைப் படிக்கும்போது, படிக்கிற அன்றைக்கு வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தே ஆக வேண்டும்.

சட்டத்தைத் திறந்ததும் முன்னுரையிலிருந்து வரிசையாகப் படிக்கத் தொடங்கினால் பத்தாவது பக்கத்தில் சலித்துவிடும். நேராக அதிகாரிகள், அதிகார அமைப்புகள் என்ற இரண்டு பகுதிகளுக்கும் போங்கள். அதிகாரிகள் என்றால் வேந்தர், இணைவேந்தர், துணைவேந்தர், பதிவாளர், நிதி அலுவலர், தேர்வாணையர் போன்றவர்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஆளுநர்தான் வேந்தர், உயர்கல்வி அமைச்சர் இணைவேந்தர். எல்லாவற்றிலும் அப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம்: இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்தில் முதலமைச்சரே வேந்தர்.

அமைப்புகள் என்றால் செனட், சிண்டிகேட், கல்விக் குழு, நிதிக் குழு, பாடத்திட்டக் குழு. இதில் சிண்டிகேட்டைத்தான் நீங்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். சொத்து, பணம், நியமனம், கல்லூரி இணைப்பு, ஒழுங்கு நடவடிக்கை என்று அன்றாட நிர்வாகத்தின் கனமான முடிவுகள் எல்லாம் அங்கேதான் போகும். பாடம், தேர்வு முறை, பட்டத்துக்கான தகுதி போன்றவை கல்விக் குழுவின் வேலை. செனட் என்பது ஆசிரியர்கள், கல்லூரி முதல்வர்கள், பட்டதாரிகளின் பிரதிநிதிகள் எல்லாம் உட்காரும் பெரிய சபை. ஆனால் அண்ணா பல்கலைக்கழகச் சட்டத்தில் செனட்டே கிடையாது, அங்கே போய் செனட்டில் கேள்வி எழுப்பச் சொல்லி மனு கொடுத்தால் வீண்.

ஒவ்வொரு அமைப்பிலும் யார் யார் உறுப்பினர்கள் என்ற பட்டியலைப் படிக்கும்போது மூன்று வகையாகக் குறித்துக்கொள்ளுங்கள்: பதவி வழியாக வருகிறவர்கள், தேர்தலில் வருகிறவர்கள், வேந்தரோ அரசோ நியமிக்கிறவர்கள். மூன்றாவது வகை எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தால் அந்தப் பல்கலைக்கழகத்தின் தன்னாட்சி எவ்வளவு என்பது தெரிந்துவிடும். என் கருத்தில், சட்டத்தின் வேறெந்தப் பக்கத்தையும்விட இந்தப் பட்டியல்தான் உண்மையைச் சொல்லும்.

அடுத்து, சட்டத்துக்குக் கீழே, பல்கலைக்கழகத்துக்குள் இயற்றப்படும் விதிகளாக இன்னும் மூன்று அடுக்கு இருக்கிறது: ஸ்டாட்யூட், ஆர்டினன்ஸ், ரெகுலேஷன். எது எந்த விஷயத்தைப் பற்றியது, எதை யார் இயற்றலாம், யார் ஒப்புதல் வேண்டும் என்பது ஒவ்வொரு சட்டத்திலும் எழுதியிருக்கும், அது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். கீழே உள்ளது மேலே உள்ளதை மீற முடியாது, இந்த ஒன்றை மறக்காமல் இருந்தால் சரி. சுற்றறிக்கை என்பது இந்த அடுக்குகளில் வரவே வராது. ஒரு சுற்றறிக்கை புதிதாக ஒரு தண்டனையையோ கட்டணத்தையோ கொண்டு வந்தால், அது மேலே உள்ள எந்த விதியிலிருந்து வருகிறது என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

தேர்வுக் கட்டண உயர்வையே எடுத்துக்கொண்டு தேடிப் பார்ப்போம். தேர்வாணையர் கையெழுத்திட்ட சுற்றறிக்கை வருகிறது. அதன் தலைப்பகுதியில் ‘பார்வை’ என்று சில எண்களும் தேதிகளும் இருக்கும், அங்கே சிண்டிகேட் தீர்மானத்தின் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நிதிக் குழு இதைப் பரிசீலித்ததா, சட்டப்படி பரிசீலிக்க வேண்டுமா என்று பாருங்கள். தீர்மான எண்ணே இல்லை என்றால் துணைவேந்தரின் அவசர அதிகாரத்தில் போட்ட உத்தரவாக இருக்கலாம். அப்படி ஒரு அதிகாரம் சட்டத்தில் இருக்கும், ஆனால் பின்னர் உரிய அமைப்புக்கு அதைத் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே இருக்கும். தெரிவித்தார்களா? உங்கள் கேள்வி அங்கேதான் இருக்கிறது.

துணைவேந்தரே இல்லாத காலத்தில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தபின் நெடுங்காலம் ஒருங்கிணைப்புக் குழுதான் நிர்வாகத்தை நடத்தியது. ஆயிரக்கணக்கான மாணவர்களின் எதிர்காலம் தொங்கும் ஓர் இடத்தை இப்படித் தலைமை இல்லாமல் வைத்திருப்பது பெரிய அநியாயம், தவறு எந்தப் பக்கம் இருந்தாலும் சரி. அப்படிப்பட்ட காலத்து உத்தரவு என்றால், அந்தக் குழுவை அமைத்த ஆணையை வாங்கி, அதற்கு எந்தெந்த அதிகாரங்கள் கொடுக்கப்பட்டன என்று பாருங்கள்.

மாநிலச் சட்டத்தோடு நின்றுவிடவும் முடியாது. பல்கலைக்கழகத்தை உருவாக்குவது மாநிலப் பட்டியலில் இருக்கிறது, உயர்கல்வியின் தரத்தை நிர்ணயிப்பது ஒன்றியப் பட்டியலில், கல்வி என்ற பொருளோ 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்துக்குப் பிறகு பொதுப்பட்டியலில். அதனால் யுஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைகளும் குறுக்கே வரும். 2022 மார்ச்சில் குஜராத்தின் சர்தார் படேல் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, காரணம் யுஜிசி விதிமுறைப்படி அது நடக்கவில்லை என்பதுதான். ஆசிரியர் தகுதி, நியமனம் சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

இனி ஆவணங்களைக் கையில் வாங்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, இப்படிப்பட்ட குழுக்களின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவையா, நடவடிக்கைக் குறிப்புகளைப் பொதுமக்கள் பார்க்க முடியுமா என்பதை நிறுவனம் தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. முதலில் தளத்தில் தேடுங்கள். இல்லையென்றால் பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பம் போடுங்கள். ‘கட்டணம் ஏன் உயர்ந்தது?’ என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் காரணம் விளக்கும் கடமை அவருக்கு இல்லை, கையில் இருக்கும் ஆவணத்தைக் கொடுப்பதுதான் கடமை. ‘இன்ன தேதியிட்ட சுற்றறிக்கைக்கு அடிப்படையான சிண்டிகேட் தீர்மானத்தின் நகல், அந்தப் பொருளுக்கான அஜெண்டா குறிப்பின் நகல், நிதிக் குழுப் பரிந்துரையின் நகல்’ என்று தனித்தனியாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் தீரவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

கணக்கு வழக்கு பற்றிய சந்தேகம் என்றால் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையின் தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள். தணிக்கைத் தடைகள், அதாவது தணிக்கையாளர்கள் எழுப்பிய ஆட்சேபனைகள், அதில் பத்தி பத்தியாக இருக்கும்.

ஆவணம் கைக்கு வந்த பிறகு மனுவைப் பதிவாளருக்கு அனுப்புங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரில் கடிதப் போக்குவரத்தும் வழக்குகளும் பொதுவாக அவர் வழியாகத்தான் நடக்கும். சட்டத்தின் எந்தப் பிரிவு, எந்த அமைப்பு முடிவெடுத்திருக்க வேண்டும், என்ன நடக்கவில்லை என்று எழுதி, உரிய அமைப்பின் அடுத்த கூட்டத்தில் இதை வைக்கக் கேளுங்கள். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். நகலை ஒரு தேர்ந்தெடுக்கப்பட்ட சிண்டிகேட் அல்லது செனட் உறுப்பினரிடம் நேரில் கொடுங்கள், கூட்டத்தில் வாய் திறந்து கேட்கப் போகிறவர் அவர்தான். அங்கேயும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், அரசியலமைப்பின் 226ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். அதற்கு வக்கீலைப் பார்க்கப் போகும்போது, சட்டப் பிரிவு, தீர்மான நகல், தகவல் அலுவலரின் பதில், தபால் சேர்ந்த சான்று எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள்.