ரேம் முதலில், பிராசசர் அப்புறம்

சென்னை ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் பாகங்களை வாங்கி மாட்டியாயிற்றா? சரி, இனி அதன் வேகத்தைக் கூட்டலாம்; ரேமிலிருந்து தொடங்குங்கள். பெட்டியில் வேகம் 6000 என்று அச்சடித்திருந்தாலும், பயாஸை (கம்ப்யூட்டர் தொடங்கும்போதே திறக்கும் அமைப்புத் திரை) தொடாதவரை டிடிஆர்5 ரேம் பெரும்பாலும் 4800-இல்தான் ஓடும். காசு கொடுத்து வாங்கிய வேகத்தை ஏன் விட வேண்டும்? ரேமை அச்சடித்த வேகத்தில் ஓட வைக்கும் அமைப்பு பயாஸிலேயே இருக்கிறது: ஏஎம்டியின் ரைசன் பிராசசருக்கான மதர்போர்டில் எக்ஸ்போவையும், இன்டெல் போர்டில் எக்ஸ்எம்பியையும் இயக்கிச் சேமியுங்கள்.

இங்கேதான் பொறுமை வேண்டும். திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கலாம். பல போர்டுகளில் டிராம் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு எரியும். புதிய வேகத்துக்கு ரேமைப் போர்டு பழக்கிக்கொண்டிருக்கிறது. பதறிப்போய் சுவிட்சை அணைக்காதீர்கள். யுபிஎஸ் இருந்தால் நல்லது. அப்புறம் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் 5600-க்கு இறங்கிவிடுங்கள். பிழையுள்ள ரேம் உங்கள் கோப்புகளைச் சத்தமில்லாமல் கெடுக்கும்.

அடுத்து பிராசசர். ரைசனில் எல்லாக் கோர்களையும் ஒரே வேகத்தில் பூட்டுவது எனக்குப் பிடிக்காது. பயாஸில் பிபிஓவை (பிராசசர் வழக்கமான வரம்பைத் தாண்டித் தானே வேகமெடுக்க விடும் அமைப்பு) இயக்கி, பிராசசருக்குப் போகும் வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரில் மைனஸ் 10 வையுங்கள். நிலையாக ஓடினால் மைனஸ் 15, 20 என்று போகலாம். அம்பத்தூரில் மச்சானுடைய ரைசன் 7600, மைனஸ் 25-இல் கேம் எல்லாம் தாங்கியது. ஆனால் சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆனது. மைனஸ் 20-க்கு வந்ததும் சரியாயிற்று. எஸ்ஓசி வோல்டேஜ் (பிராசசருக்குள் ரேமைக் கையாளும் பகுதிக்குப் போவது) மட்டும் 1.3 வோல்ட்டைத் தாண்டவே கூடாது.

மார்கழிக் காலையில் சோதித்துத் திருப்திப்படாதீர்கள். மே மாத மதியம், ஏசி போடாமல், பிராசசரை முழுச் சுமையில் வைத்துச் சோதிக்கும் சினிபெஞ்சை அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பிராசசரின் சூடு 85 டிகிரிக்குள் நின்றால் அந்த அமைப்பைப் பயாஸிலேயே ஒரு பெயர் கொடுத்துச் சேமித்துவிடுங்கள்.