மோட்டார் சைக்கிள் இன்ஜினில் ஆயில் பிரஷரைக் கூட்டுவது எப்படி?

ஆயில் பம்ப் நேரடியாகப் பிரஷரை உண்டாக்குவதில்லை. அது ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். தள்ளிய ஆயில் பேரிங் இடைவெளிகளில் நெருக்கியடித்துக்கொண்டு வெளியேறும்போதுதான் பிரஷர் எழுகிறது. ஆகவே பிரஷர் குறைந்தால் காரணம் மூன்றில் ஒன்று: பம்புக்கு ஆயில் சரியாக வரவில்லை, பம்ப் சரியாகத் தள்ளவில்லை, தள்ளியது எங்கோ சுலபமாக ஒழுகிப் போகிறது. இதில் எது என்று தெரியாமல் ரிலீஃப் வால்வு (பிரஷர் வரம்பு மீறும்போது திறந்து ஆயிலை வெளியே விடும் வால்வு) ஸ்பிரிங்குக்கு வாஷர் வைக்கக் கிளம்புவது வீண் வேலை.

1. அளந்து பாருங்கள்

டாஷில் எரியும் ஆயில் விளக்கை நம்ப வேண்டாம். அதன் ஸ்விட்ச் அரை பாருக்கும் கீழே போனால்தான் பெரும்பாலும் விளக்கை எரிய விடும். விளக்கு அணைந்திருந்தால் கொஞ்சமாவது பிரஷர் இருக்கிறது என்று மட்டுமே பொருள்.

0 முதல் 10 பார் வரை காட்டும் மெக்கானிக்கல் கேஜ் ஒன்று, உங்கள் இன்ஜினின் மரைக்குப் பொருந்தும் அடாப்டர் ஒன்று, இரண்டும் தேவை. பிரஷர் ஸ்விட்ச்சையோ மெயின் கேலரி (ஆயில் ஓடும் முதன்மை வழி) பிளக்கையோ கழற்றி அங்கே மாட்டலாம். ஜப்பானிய இன்ஜின்கள் பலவற்றில் அந்த மரை கூம்பு வடிவம். இறுக்க இறுக்க அலுமினிய கேஸை ஆப்பு போலப் பிளந்துவிடும். சீலன்ட் தடவி, மேனுவல் சொல்லும் டார்க்கோடு நிறுத்துங்கள்.

இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, சர்வீஸ் மேனுவல் சொல்லும் ஆயில் வெப்பத்திலும் ஆர்பிஎம்மிலும் அளவு எடுங்கள். ஒரு கம்பெனி 60 டிகிரியில் 3,000 ஆர்பிஎம் என்கும், இன்னொன்று 80 டிகிரியில் 5,000 என்கும். குளிர்ந்த ஆயிலில் எடுத்த அளவு எப்போதும் அழகாகத்தான் இருக்கும், பயன் இல்லை. 1 பார் என்பது சுமார் 14.5 பிஎஸ்ஐ.

ஒரு எச்சரிக்கை. கிராங்க்கில் பால் அல்லது ரோலர் பேரிங் உள்ள சிறிய சிங்கிள் சிலிண்டர் இன்ஜின்கள் குறைந்த பிரஷரிலேயே ஓடும்படி வடிவமைக்கப்பட்டவை. ஷெல் பேரிங் (உருளும் குண்டுகள் இல்லாத, ஆயில் படலத்தையே நம்பும் மெல்லிய உலோகத் தகடு) உள்ள நான்கு சிலிண்டர் இன்ஜினின் எண்ணை அதனோடு ஒப்பிட்டு, இல்லாத நோய்க்கு மருந்து தேடாதீர்கள்.

2. முள் சொல்வதைப் படியுங்கள்

குளிரில் நன்றாக இருந்து, சூடான பிறகு ஐடிலில் படுத்துவிட்டால் ஆயில் மெலிந்திருக்கிறது அல்லது பேரிங் தேய்ந்திருக்கிறது. ஐடிலில் சரியாக இருந்து, ஆர்பிஎம் ஏறியும் ஒரு கட்டத்துக்கு மேல் பிரஷர் ஏறாவிட்டால் ரிலீஃப் வால்வு ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், ஸ்ட்ரெய்னர் (பம்புக்கு முன் உள்ள வலை வடிகட்டி) அடைத்திருக்கலாம். முள் படபடவென்று ஆடினால் பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. எல்லா வேகத்திலும் குறைவு என்றால் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

3. ஆயில், ஃபில்டர்

வண்டியை நிமிர்த்தி நிறுத்தி லெவல் பாருங்கள். குறைந்தால் பம்புக்குள் காற்று போகும் என்பது தெரிந்ததே. அதிகமானாலும் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கி, அந்த நுரையே பம்புக்குப் போகும். ஊற்றாமலே லெவல் ஏறி, டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாசனை வந்தால் இன்ஜெக்டரோ கார்புரேட்டரின் ஃப்ளோட் வால்வோ ஒழுகுகிறது. அதைச் சரிசெய்யாமல் புது ஆயில் ஊற்றினால் அதுவும் நீர்த்துப் போகும்.

பெரும்பாலான பைக்குகளில் கியர்பாக்ஸுக்கும் அதே ஆயில்தான். கியர் பற்கள் ஆயிலின் கெட்டித்தன்மையைக் காக்கும் பாலிமரை நறுக்கித் தள்ளுவதால், கார் இன்ஜினைவிட இங்கே கெட்டித்தன்மை சீக்கிரம் குறையும். மேனுவல் அனுமதித்தால் 10டபிள்யூ-30க்குப் பதில் சூட்டில் அதைவிடக் கெட்டியான 10டபிள்யூ-40 ஊற்றிப் பாருங்கள். சூடான ஐடில் பிரஷர் ஓரளவு ஏறும். கிளட்ச் ஆயிலில் நனைவதால் ஜேசோ (ஜப்பானிய ஆயில் தரம்) எம்ஏ அல்லது எம்ஏ2 முத்திரை அவசியம். இன்னும் கெட்டியான 20டபிள்யூ-50 என்று தாவுவது பல நேரம் தேய்ந்த பேரிங்கை மூடி மறைக்கும் வேலை.

காகித ஃபில்டரைத் திருப்பி மாட்டினால் ஆயில் ஓட்டமே தடைபடலாம். எந்தப் பக்கம் வெளியே வர வேண்டும் என்று ஃபில்டரிலேயே குறித்திருக்கும். ஸ்பிரிங், ஓ-ரிங் இரண்டும் இடத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

4. சம்ப்பை (இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) கழற்றுங்கள்

ஸ்ட்ரெய்னர் வலையில் கேஸ்கெட்டுக்குப் பதிலாக யாரோ அள்ளிப் பூசிய சிலிகான், புழுப்புழுவாக ஒட்டியிருப்பது அடிக்கடி கிடைக்கும் காட்சி. பம்புக்கு ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாயின் ஓ-ரிங்கை எடுத்துப் பாருங்கள்: ஒரு பக்கம் சப்பையாகி, நகத்தால் அழுத்தினால் கொடுக்காமல் கெட்டியாக இருந்தால், பம்ப் காற்று உறிஞ்சுவதற்குக் காரணம் அதுதான். ஆயிலில் நனைத்துப் புதியது போடுங்கள்.

5. பம்ப்

பம்பினுள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழலும் உள் ரோட்டர் முனைக்கும் வெளி ரோட்டருக்கும் இடையே ஃபீலர் கேஜ் (தடிமன் குறித்த மெல்லிய தகடு) விடுங்கள். பல இன்ஜின்களில் புதிதில் 0.15 மி.மீ., 0.20க்கு மேல் போனால் மாற்ற வேண்டியதுதான். நேர் விளிம்பை பாடியின் மேல் வைத்து ரோட்டருக்கு மேலுள்ள பக்க இடைவெளியையும் அளக்கவும், 0.10 மி.மீ. தாண்டினால் கவலைப்படலாம். மூடியின் உள்முகத்தில் விரல் நகம் சிக்கும் அளவுக்குக் கோடுகள் விழுந்திருந்தால் ரோட்டர் மட்டும் மாற்றிப் பயனில்லை.

6. ரிலீஃப் வால்வு

மரக்குச்சியால் வால்வின் சிறு பிஸ்டனை அழுத்தி விடுங்கள்; தடையின்றி உள்ளே போய்த் தானே திரும்ப வேண்டும். கண்ணாடி அணிந்துகொண்டு சர்க்கிளிப்பைக் கழற்றுங்கள், ஸ்பிரிங் முகத்துக்கு நேராகப் பாயும். மண்ணெண்ணெயில் கழுவி, கீறல் பார்த்து, ஸ்பிரிங்கின் நீளத்தை மேனுவல் அளவோடு ஒப்பிடுங்கள். குட்டையாகியிருந்தால் புதியது.

ஸ்பிரிங்குக்குப் பின்னால் 1 மி.மீ. வாஷர் வைப்பது பிரஷரின் உச்ச வரம்பை மட்டுமே உயர்த்தும். வால்வு மூடியிருக்கும் ஐடிலில் அதனால் ஒரு மாற்றமும் வராது. வைத்தே தீர வேண்டுமானால், ஸ்பிரிங் முழுதும் அமுங்கி முட்டுவதற்கு முன் பிஸ்டன் வெளியேற்றுத் துளையைத் திறக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். திறக்காவிட்டால் குளிர்ந்த ஸ்டார்ட்டில் ஃபில்டர் சீல் பிதுங்கும், பம்ப் கியர் சுமை தாங்கும், ஆயில் வீணாகச் சூடேறும். மேனுவலின் மேல் வரம்பைத் தாண்ட வேண்டாம்.

7. மிச்சம் பேரிங்

இதுவரை எல்லாம் சரி, ஆனாலும் சூடான ஐடிலில் பிரஷர் இல்லை என்றால் ஷெல் பேரிங்தான். இடைவெளி வழியே ஒழுகும் ஆயில், இடைவெளியின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும்: இடைவெளி இரண்டு மடங்கானால் ஒழுக்கு எட்டு மடங்கு. அதனால்தான் பெரிய பம்ப் போட்டும் ஈடுகட்ட முடிவதில்லை. பிளாஸ்டிகேஜ் (நசுங்கிய அகலத்தால் இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிக் இழை) வைத்து அளந்து, தடிமனைக் காட்டும் நிறக்குறிப்படி புது ஷெல் போடுவதே வழி.

8. ஸ்டார்ட் செய்யும் முன்

பம்ப் உலர்ந்திருக்கும், ஆகவே மாட்டும்போதே உள்ளே ஆயில் ஊற்றுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இக்னிஷன் காயில், இன்ஜெக்டர் கனெக்டர்களைப் பிரித்துவிட்டு, கேஜ் முள் எழும் வரை ஐந்து ஐந்து விநாடியாக ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். பிறகு எல்லாவற்றையும் மாட்டி ஸ்டார்ட் செய்து, சில விநாடிகளில் முள் ஏறாவிட்டால் உடனே அணைத்துவிடுங்கள். ஏறினால் முதலில் எடுத்த அதே வெப்பம், அதே ஆர்பிஎம்மில் மறுபடி அளவெடுத்து, ஆயில் மாற்றிய கிலோமீட்டரோடு சேர்த்துக் குறித்து வையுங்கள்.