மலிவு எக்ஸ்ப்ளோரேஷன் கப்பல்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபத்திலோ தொண்டியிலோ படகு வாங்கப் போகிறவர் வெறும் படகின் விலையை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புவதில்லை. இன்ஜின் என்ன, வலை எவ்வளவு, ஒரு நடைக்கு டீசலும் ஐஸும் எத்தனை என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுவார். அதே ஊர்ப் பிள்ளைகள் ‘எலைட் டேஞ்சரஸ்’ என்ற விண்வெளி வீடியோ ஆட்டத்தில் முதல் எக்ஸ்ப்ளோரேஷன் கப்பலை, அதாவது தொலைதூர விண்மீன்களைத் தேடிப் போகும் கப்பலை, வாங்கும்போது இந்தக் கணக்கைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

டயமண்ட்பேக் எக்ஸ்ப்ளோரரை எடுத்துக்கொள்வோம். மலிவான நெடும்பயணக் கப்பல்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் இதுதான். விலை ஆட்டத்தின் பணமான கிரெடிட்டில் சுமார் 18.95 லட்சம். ஆனால் அதோடு வரும் ஃப்ரேம் ஷிஃப்ட் டிரைவ், அதாவது ஒரு விண்மீனிலிருந்து அடுத்ததற்குத் தாவ வைக்கும் இன்ஜின், கடைசித் தரமான 5இ. எண் அளவைச் சொல்லும், எழுத்து ஏ முதல் இ வரை தரத்தைச் சொல்லும். பயணத்துக்கு வேண்டியது 5ஏ. அதன் விலை மட்டும் 51 லட்சம். கப்பல் விலையைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல்! கையில் 25 லட்சம் சேர்ந்ததும் கப்பலை வாங்கிவிட்டு, டிரைவுக்குப் பணமில்லாமல் குட்டித் தாவல்களாகத் தாவிச் சலித்து ஆட்டத்தையே விட்டுப் போனவர்கள் நிறைய. டிரைவ், விண்மீனிலிருந்து எரிபொருளை உறிஞ்சும் ஸ்கூப், கோள்களை ஆராயும் சர்ஃபேஸ் ஸ்கேனர், மின்சாரம் தரும் சிறிய பவர் பிளான்ட் எல்லாம் சேர்த்தால் டயமண்ட்பேக்குக்கு 90 லட்சத்தை ஒட்டி ஆகும். அந்தத் தொகைதான் இந்தக் கப்பலின் உண்மையான விலை.

பணம் குறைவாக இருந்தால் எங்கே சிக்கனம் பிடிப்பது? இங்கேதான் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். டிரைவில் மிச்சம் பிடித்து ஸ்கூப்பில் கொட்டுகிறார்கள். 5சி டிரைவ் 5.67 லட்சம்தான், உண்மை. ஆனால் அதன் உகந்த நிறை, அதாவது டிரைவ் எவ்வளவு எடைக்கு ஏற்றது என்ற அளவு, 700 டன். 5ஏ டிரைவுக்கு 1,050 டன். தாவும் தூரம் அந்த எண்ணைப் பிடித்துத்தான் ஏறி இறங்குகிறது. ஸ்கூப்பின் கதை வேறு. 4ஏ ஸ்கூப் சுமார் 28.6 லட்சம், நொடிக்கு 342 கிலோ உறிஞ்சும். 4பி ஸ்கூப் அதில் கால் விலை, 7.15 லட்சம், நொடிக்கு 293 கிலோ. ஒரு முழுத் தாவலுக்கு 5ஏ டிரைவ் எரிப்பது அதிகபட்சம் 5 டன். அதைத் திரும்ப நிரப்ப ஒன்று 15 நொடி எடுக்கும், மற்றது 17 நொடி. இந்த இரண்டு நொடிக்காக 21 லட்சம் கொடுப்பது வீண். ஆனால் அளவைக் குறைத்துவிடாதீர்கள். 2ஏ ஸ்கூப் நொடிக்கு 75 கிலோதான் இழுக்கும். ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் சூரியன் பக்கத்தில் வெந்துகொண்டு நிற்க நேரும்.

அடுத்தது எடை. ‘ஏ’ என்றால் உயர்ந்தது, எல்லாவற்றையும் ஏ-யாக மாற்றினால் கப்பல் சிறந்ததாகிவிடும் என்று நினைப்பது புதியவர்களின் பெரிய தவறு. ஏ நன்றாக உழைக்கும், பி அடி தாங்கும் ஆனால் கனம், டி-தான் எல்லாவற்றிலும் லேசானது. கப்பலை நகர்த்தும் த்ரஸ்டரில் 4-ஆம் அளவுக்கு டி 4 டன், ஏ 10 டன், பி 16 டன். 5-ஆம் அளவு சென்சாரில் டி 8 டன், ஏ 20 டன். ஆகவே டிரைவ் ஏ. த்ரஸ்டர், உயிர்காப்பு, சென்சார், மின்சாரத்தைப் பிரித்துத் தரும் பவர் டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் டி. பவர் பிளான்ட்டை மட்டும் ஏ தரத்தில், ஆனால் அளவைக் குறைத்து வாங்குங்கள். ஏ தரம் சூட்டை நன்றாகக் கையாளும். துப்பாக்கி இல்லாத கப்பலுக்கு 3ஏ போதும். துப்பாக்கிகளைக் கழற்றி விற்றுவிடுங்கள், கவசத்தை மாற்றாதீர்கள். கப்பலோடு வரும் லேசான கவசத்துக்கு எடையே இல்லை. ராணுவத் தரக் கவசமோ பல பத்து டன் ஏற்றிவிடும். காலியான சரக்கு ரேக்குக்கும் எடை கிடையாது, அதைக் கழற்ற மெனக்கெட வேண்டாம்.

எடை குறைக்கும் வேகத்தில் ஷீல்டையும் கழற்றிவிடுகிறவர்கள் உண்டு. இதைச் செய்யவே கூடாது. ஈர்ப்பு அதிகமுள்ள கோளில் இறங்கும்போது தரை நினைத்ததைவிட வேகமாக வந்து மோதும். அந்த ஓர் இடியைத் தாங்கத்தான் ஷீல்டு. 3டி ஷீல்டு வெறும் 2 டன். ஆனால் 2-ஆம் அளவு ஷீல்டு பொருந்தாது: அது 138 டன் வரையிலான கப்பலுக்கானது, டயமண்ட்பேக்கின் உடல் எடையோ 260 டன்.

இனி, பெருமை என்ற ஆசையில் வரும் தவறு: பெரிய கப்பல். அனகோண்டாவுக்குச் சுமார் 14.7 கோடி ஆகும், அதற்குப் பெரிய இறங்குதளமும் வேண்டும், மேடுபள்ளமான நிலத்தில் இடம் தேடியே நேரம் போகும். பாம்பன் கால்வாயில் வள்ளம் பாலத்துக்கடியில் பேசாமல் போய்விடும். பெரிய கப்பல் பாலம் திறக்கக் காத்துக் கிடக்கும். டயமண்ட்பேக் சிறிய தளத்திலேயே இறங்கும், சூடும் குறைவு. கொஞ்சம் கூடுதலாக இருந்தால் 66.6 லட்சத்துக்கு ஆஸ்ப் எக்ஸ்ப்ளோரர். காட்சி விரிந்த கண்ணாடி, 6-ஆம் அளவு வரை பொருந்தும் அறைகள். ஆனால் நடுத்தரத் தளம் வேண்டும். 2024-இல் வந்த மாண்டலே இரண்டையும் விடச் சிறந்தது என்பதில் சந்தேகமில்லை, அதற்கு ஒன்றரைக் கோடிக்கு மேல் ஆகும். கையில் அவ்வளவு இல்லாதவர் ஏங்க வேண்டாம். ஆட்டத்தின் டெசியாட் விண்மீன் அமைப்பில் இருக்கும் ஃபெலிசிட்டி ஃபார்ஸியர் என்ற பொறியாளரிடம் மெட்டா-அலாய் என்ற சரக்கில் ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தால், டிரைவின் உகந்த நிறையை ஐந்தாம் படியில் 55 சதவீதம் வரை உயர்த்தித் தருவார். அதற்குச் செலவு பணமல்ல, பொறுக்கிச் சேர்த்த மூலப்பொருள். கார்டியன் பூஸ்டர் என்ற கூடுதல் கருவி 4-ஆம் அளவில் தாவும் தூரத்தை 9.25 ஒளியாண்டு கூட்டும்.

டிரைவ், ஸ்கூப் போன்ற பாகங்களை, அதாவது மாட்யூலை, வாங்கிய விலைக்கே விற்கலாம். கப்பலை விற்றால் பத்தில் ஒரு பங்கு போய்விடும். அதனால் மாட்யூல் மாற்றிப் பார்க்கத் தயங்காதீர்கள், கப்பல் மாற்றத் தயங்குங்கள்.

எல்லாப் பணத்தையும் கப்பலிலேயே போட்டுவிட்டுக் கிளம்புவது இன்னொன்று. கப்பல் அழிந்தால் மாட்யூலும் சேர்த்த மதிப்பில் 5 சதவீதம் கட்டித் திரும்பப் பெற வேண்டும். 90 லட்சக் கப்பலுக்கு நாலரை லட்சம். அது கணக்கில் இல்லையென்றால் கப்பல் போச்சு. கட்டினாலும், விற்காத ஸ்கேன் தகவல் அத்தனையும் போகும். இரண்டு மூன்று தடவைக்கான பணத்தை ஒதுக்கிவிட்டுத்தான் புறப்பட வேண்டும், வழியில் நிலையம் கண்டால் தகவலை விற்றுவிட வேண்டும்.

எரிபொருள் விஷயத்தில் ஸ்கூப் இருக்கிறது என்ற தைரியம் மட்டும் போதாது. ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் வகை விண்மீன்களில்தான் நிரப்ப முடியும். பழுப்புக் குள்ளன், டி டாரி, வெண்குள்ளன், நியூட்ரான் எதிலும் கிடைக்காது. விண்வரைபடத்தில் இந்த ஏழு வகையை மட்டும் வடிகட்டி, அந்த வடிகட்டியைப் பாதைக்கும் பொருத்திக்கொள்ளுங்கள். தொட்டி காலியாகிவிட்டால் பதறித் தாவாதீர்கள். ஆட்டத்திலிருந்து முதன்மைப் பட்டியலுக்கு வெளியேறி ஃப்யூயல் ரேட்ஸ் என்ற தன்னார்வ வீரர்களை அழையுங்கள். உயிர்காப்பு எண்ணிக்கை ஓடத் தொடங்கிய பிறகு யோசித்துக்கொண்டிருந்தால் டி தரத்தில் இருப்பது ஏழரை நிமிடம்தான்.

நியூட்ரான் விண்மீனின் வால் தாவும் தூரத்தை நான்கு மடங்காக்கும், ஒவ்வொரு முறையும் டிரைவில் ஒரு சதவீதம் தேயும். பழுது நீக்கும் ஏ.எஃப்.எம்.யூ. இல்லாமல் அந்தப் பாதையில் போகாதீர்கள். வெண்குள்ளன் தருவது ஒன்றரை மடங்கு மட்டுமே, ஆபத்தோ அதிகம். விட்டுவிடுங்கள்.

இந்த ஆட்டத்தில் தனியாள் முறைக்கும் இணையம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மின்சாரம் போய்ப் போய் வரும் நம் கரையில், ரௌட்டருக்கும் சேர்த்து யூ.பி.எஸ். இருப்பது நல்லது. ஆட்டத்தின் தொலைதூரக் குடியேற்றமான கொலோனியா போன்ற தூரப் பயணத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்கால நாட்கள் தோதானவை. 22,000 ஒளியாண்டு, 30 ஒளியாண்டு தாவும் கப்பலுக்கு 730 தாவலுக்கு மேல், தாவலுக்கு ஒரு நிமிடம் வைத்தாலும் பன்னிரண்டு மணி நேரம். நேராக அங்கே கிளம்புவதற்கு முன் 1,000 ஒளியாண்டு போய்த் திரும்பிப் பாருங்கள். ஸ்கூப்பின் போது சூடு எவ்வளவு ஏறுகிறது, தொட்டி நிறைய எத்தனை நொடி, கோளில் இறங்கும்போது ஷீல்டில் எவ்வளவு குறைகிறது என்ற மூன்றையும் குறித்துக்கொண்டு, தவறியதை நிலையத்திலேயே மாற்றிவிடுங்கள்.