சைக்கிள் நெடும்பயணத்துக்கு முன்கூட்டியே பார்சல் அனுப்புகிறீர்களா?

மாதக்கணக்கில் சைக்கிளில் போகத் திட்டமிடுகிறவர்களில் பலர், வழியில் உள்ள ஊர்களுக்கு உணவையும் உதிரிப் பாகங்களையும் முன்பே அஞ்சலில் அனுப்பி வைக்கிறார்கள். மலைப்பாதையில் நடப்பவர்களிடமிருந்து வந்த பழக்கம் இது. அவர்கள் போகும் வழியில் பல நாட்களுக்குக் கடையே வராது. சைக்கிள் போவதோ சாலையில். பெரும்பாலான நாட்களில் ஏதாவது ஒரு கடை கண்ணில் படும். அங்கே கிடைக்கும் உணவுக்கு அஞ்சல் கட்டணம் செலுத்துவது வீண். ஒரே உணவைப் பெட்டி பெட்டியாக அனுப்பினால், மூன்றாவது பெட்டியைத் திறக்கும்போதே நாக்கு அதை வெறுத்துவிடும்.

வழியில் கிடைக்காததை மட்டும் அனுப்புங்கள்: உங்கள் பிரேக்குக்கே உரிய கட்டைகள், அரிதான அளவு டயர், குளிர்ப் பகுதிக்கான உடை. இதில் அளவுதான் பலரைக் கவிழ்க்கிறது. டயரின் பக்கவாட்டில் 37-622 என்பதுபோல் அச்சிட்டிருக்கும். இரண்டாவது எண்தான் ரிம்முக்குப் பொருந்துவதைச் சொல்கிறது. 559 என்றிருக்கும் டயர் 622 ரிம்மில் ஏறவே ஏறாது. மடிக்கக்கூடிய டயராக இருந்தால் சிறிய பெட்டி போதும். போக்ஸ் கம்பி அனுப்பினால் பின்சக்கரத்தின் இரு பக்கத்துக்கும் தனித்தனியாக அளந்துகொள்ளுங்கள். பல சக்கரங்களில் அந்த நீளங்கள் வேறுபடும்.

எல்லாப் பெட்டிகளையும் புறப்படும் முன்பே அனுப்பிவிடுவதுதான் மிக மோசமான தவறு என்பேன். அஞ்சலகத்தில் வைத்திருந்து நேரில் கொடுக்கும் போஸ்ட் ரெஸ்டான்ட் சேவைக்குக் காலக்கெடு உண்டு. பிரிட்டனில் உள்நாட்டு அஞ்சலை இரண்டு வாரம்தான் வைத்திருப்பார்கள். அமெரிக்காவில் அதிகபட்சம் 30 நாள். எதிர்காற்றும் முழங்கால் வலியும் அந்தக் கெடுவைப் பார்த்து வருவதில்லை. பெட்டிக்காக வலியோடு மிதிப்பவரையும், சனிக்கிழமை மாலை பூட்டிய அஞ்சலகத்தின் முன் வந்து நின்று திங்கள்வரை காத்துக்கிடப்பவரையும் நினைத்தாலே வருத்தமாக இருக்கிறது. பெட்டிகளை ஒட்டாமல் வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் விட்டுச் செல்லுங்கள். அந்த ஊரை நெருங்கும்போது சொன்னால் அவர் அனுப்பட்டும். ஒட்டாத பெட்டி என்றால், தேவை மாறும்போது உள்ளே இருப்பதையும் மாற்றலாம்.

அனுப்பும் முன் அந்த அஞ்சலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, அங்கே இந்தச் சேவை உண்டா, எந்த நேரத்தில் திறந்திருக்கும் என்று கேட்டுவிடுங்கள். பெறுநர் பெயர் உங்கள் அடையாள அட்டையில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். வந்து சேரக்கூடிய தேதியையும், திரும்பி வர வேண்டிய முகவரியையும் மேலே எழுதுங்கள். பெட்டி இல்லை என்றால் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் இரண்டின் கீழும் தேடச் சொல்லுங்கள். அநேகமாக மாற்றி அடுக்கியிருப்பார்கள்.

அடுப்புக்கான எரிவாயுக் குப்பியையும் எரிபொருளையும் அஞ்சலில் வைக்கவே வைக்காதீர்கள். அவை தீப்பற்றும் பொருட்கள். தனியாக லித்தியம் பேட்டரி அனுப்பவும் கடுமையான கட்டுப்பாடுகள் உண்டு. மருந்துகளை, மருத்துவர் சீட்டுடன் கையிலேயே கொண்டுபோங்கள். நாட்டு எல்லையைத் தாண்டி அனுப்பும் எந்தப் பெட்டியும் சுங்கத்தில் சிக்கலாம், வரியும் கேட்கலாம். முடிந்தவரை அந்தந்த நாட்டுக்குள் வாங்குவதே மேல்.

பெட்டி கைக்கு வந்ததும் அஞ்சலகத்திலேயே பிரித்துப் பாருங்கள். பைகளில் கொள்ளாததையும், இனி தேவைப்படாத குளிருடையையும் அதே பெட்டியில் போட்டு வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடலாம். அதற்காகவே உள்ளே ஒட்டுநாடாச் சுருள் ஒன்றைப் போட்டுவைக்கச் சொல்லுங்கள்.